பனியாறு மூடிய எரிமலையில் முதல் ஏற்றம்: மலையகத்து இளைஞர்கள் கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவம் முடிந்ததும், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பகுதி இளைஞர்கள் சிலருக்கு அடுத்து எங்கே ஏறுவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் அனுப்பிய ஒரு படமோ, இணையத்தில் பார்த்த ஒரு காணொளியோ அந்த எண்ணத்தை எல்பிரஸ், கோட்டோபாக்சி, ரெய்னியர் போன்ற, பனியாறு மூடிய எரிமலைக் கூம்புகளின் பக்கம் திருப்பிவிடுகிறது. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

இத்தகைய மலை இலங்கையில் உண்டா?

இல்லை. நமது மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அந்த உருமாற்றம் நிகழ்ந்தே ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிவனொளிபாதமலையின் கூம்பு வடிவத்தைக் கண்டு அதை அணைந்த எரிமலை என்று சொல்வோர் உண்டு. அந்த வடிவம் மழையும் காற்றும் நெடுங்காலம் அரித்ததால் வந்தது. இமயமலைக்குப் போனால் பனியாறு கிடைக்கும், ஆனால் எவரெஸ்ட் உட்பட அங்குள்ள சிகரங்கள் எரிமலைகள் அல்ல. இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் ரஷ்யாவின் எல்பிரஸ் (5,642 மீற்றர்), ஈக்வடோரின் கோட்டோபாக்சி (5,897 மீற்றர்), கயம்பே (5,790 மீற்றர்), ஐக்கிய அமெரிக்காவின் ரெய்னியர் (4,392 மீற்றர்), பேக்கர் (3,286 மீற்றர்), துருக்கியின் அரராத் (5,137 மீற்றர்) போன்றவற்றையே நாடவேண்டும்.

சிவனொளிபாதமலையைப் பலமுறை ஏறியிருக்கிறேன். இது எனக்கு அடுத்த படியாகுமா?

பாதி ஆகும். நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உச்சிக்கு நீங்கள் ஏறும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். கோட்டோபாக்சியில் 4,864 மீற்றரில் உள்ள தங்குமனையிலிருந்து உச்சிவரை ஏறவேண்டியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டிலும் இரவில் புறப்பட்டு, குளிரில் இடைவிடாது ஏறி, விடியும் வேளையில் உச்சியில் நின்று, அன்றே முழங்கால் நோக இறங்கவேண்டும். அந்த ஒழுங்குக்குப் பழகிய உடலும், தூக்கத்தை விட்டு நடக்கும் மனமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அதைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் நல்லதண்ணியில் மூன்று நான்கு மணித்தியாலத்தில் முடியும் அதே உயரம் அங்கே ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். 5,500 மீற்றர் அளவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுவதால், மூச்சு ஒன்றுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகிறது. சிவனொளிபாதமலையில் படிகள் உண்டு, கைப்பிடிகள் உண்டு, பருவகாலத்தில் வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு, தடுமாறினால் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் ஆட்கள் உண்டு. பனியாற்றில் நிலையான பாதை என்று எதுவுமில்லை. நேற்று நடந்த தடம் இன்று பிளந்திருக்கலாம்.

அப்படியானால் தொடக்கநிலையாளரும் ஏறலாம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

எரிமலைக் கூம்புகளின் வழக்கமான பாதைகளில் சரிவு மிதமானது. பாறையில் தொங்கி ஏறும் திறமை தேவையில்லை. பாதணியின் அடியில் கட்டும் எஃகு முட்களான கிராம்பன்களை அணிந்து, கையில் பனிக்கோடரியுடன் நடக்கத் தெரிந்தால் போதும் என்பது பொதுவாக உண்மையே. அடிவாரம் வரை வாகனமும் போகும். எல்பிரஸில் கேபிள் கார் உங்களைச் சுமார் 3,800 மீற்றருக்குக் கொண்டுபோய்விடும். அதற்கு மேல் பனியில் ஓடும் வண்டியில் 4,700 மீற்றர் அளவிலுள்ள பஸ்துகோவ் பாறைகள் வரை செல்வோரும் பலர். கோட்டோபாக்சியில் வாகனத் தரிப்பிடமே சுமார் 4,600 மீற்றரில் இருக்கிறது.

இந்த வகை மலைகளை எளிதாக்கும் ஒவ்வொன்றும் அவற்றை ஆபத்தாக்கும் காரணமாகவும் இருக்கிறது என்பதைத் தொடக்கநிலையாளர் முதலில் புரிந்துகொள்ளவேண்டும். வாகனம் விரைவாக உயரத்துக்குக் கொண்டுபோவதால் உடல் பழகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மென்மையாகத் தெரியும் பனிச்சரிவு தன் அடியிலுள்ள பிளவுகளை மறைத்துவிடுகிறது. தனித்து நிற்கும் கூம்பு கண்ணுக்கு அழகானது, ஆனால் மூடுபனியில் அதன் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே தோன்றும். செங்குத்தான பாறை மலை தன்னைப் பார்த்தவுடனேயே ஆளை அச்சுறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். இந்த மலைகள் அப்படி எச்சரிப்பதில்லை.

பனிப்பிளவு என்பது என்ன? அதில் விழுந்தால் என்ன ஆகும்?

பனியாறு என்பது தன் எடையினாலேயே மிக மெதுவாகக் கீழ்நோக்கி நகரும் பனிக்கட்டி. அடியிலுள்ள நிலம் வளையும் இடங்களிலும் சரிவு கூடும் இடங்களிலும் அந்தக் கட்டி வெடித்துப் பல மீற்றர் ஆழமான பிளவுகள் உண்டாகின்றன. புதுப்பனி பெய்யும்போது அப்பிளவின் வாயில் மெல்லிய பனிப்பாலம் படிந்துவிடும். சருகு மூடிய பாழுங்கிணற்றைப் போல, மேலே நின்று பார்ப்பவருக்கு அங்கே எதுவும் தெரியாது.

இதனால்தான் பனியாற்றில் கயிறு கட்டி நடக்கிறார்கள். பலரும் நினைப்பதுபோல அது மேலே இழுத்துச் செல்வதற்கான கயிறன்று. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தரையில் வீழ்ந்து கோடரியைப் பனியில் குத்தி அவரைத் தாங்கிக்கொள்வதற்கான கயிறு. ஆகவே அது தளர்ந்து தரையில் இழுபடாமலும் விறைத்து முன்னிருப்பவரை இழுக்காமலும் இருக்கவேண்டும். இடைவெளி குறைந்து இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஒரே பாலம் இருவரையும் விழுங்கிவிடும். நம்மவர்கள் மலை ஏறும்போது பேசிக்கொண்டு கூட்டமாக நடப்பதே வழக்கம், அந்தப் பழக்கத்தைப் பனியாற்றின் விளிம்பிலேயே விட்டுவிடவேண்டும். விழுந்தவரைத் தாங்குவது முதற்பகுதி மட்டுமே. பனியில் நங்கூரம் அமைத்து, கப்பி முறையில் அவரை வெளியே எடுப்பது அடுத்த பகுதி. அதை ஒரு பிற்பகலில் கற்றுவிட முடியாது, மீண்டும் மீண்டும் செய்து பார்த்தால்தான் குளிரில் விறைத்த விரல்களுக்கு முடிச்சு நினைவிருக்கும்.

உயர நோய் பலவீனமானவர்களுக்குத்தானே வரும்?

இந்த நம்பிக்கைதான் உடல்வலிமை உள்ள இளைஞர்களை அதிகம் ஏமாற்றுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று தொடங்கும் உயர நோய் யாருக்கு வரும் என்பதை உடற்பயிற்சியின் அளவு தீர்மானிப்பதில்லை. எவ்வளவு விரைவாக உயரத்துக்குச் சென்றீர்கள் என்பதும், உங்கள் உடலின் இயல்பும்தான் தீர்மானிக்கின்றன. வலிமையானவர் வேகமாக ஏறிவிடுவார் என்பதால் அவருக்கு ஆபத்துக் கூடவும் செய்யலாம்.

அந்த நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல் தொடங்கும். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவரும் தன் உடல் அதற்கு மேலே எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கேயே சோதித்துப் பார்க்க வழியில்லை என்பது இதன் பொருள். 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்ந்தும் செல்வது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒழுங்கு. ஈக்வடோரின் தலைநகர் கீட்டோ 2,850 மீற்றரில் இருப்பதால், ஈக்வடோர் செல்வோர் அங்கே சில நாட்கள் தங்கி, சிறிய மலைகளை ஏறி இறங்கியபின் பெரியவற்றுக்குச் செல்கிறார்கள்.

முற்றிய நிலையில் நுரையீரலில் நீர் சேரலாம், மூளை வீங்கலாம். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நேர்கோட்டில் நடக்க முடியாமை, குழம்பிய பேச்சு ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும், இரவானாலும் உச்சி கண்ணெதிரே இருந்தாலும், உடனே கீழே இறக்கவேண்டும். அசிட்டசோலமைட் என்ற மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும். ஆனால் சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உள்ளிட்ட சிலருக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதால் வைத்தியரின் ஆலோசனையின்றி எடுக்கக்கூடாது. மாத்திரையை நம்பி விரைந்து ஏறுவது அதைவிடப் பெரிய தவறு.

ஏறிக்கொண்டிருக்கும்போது எரிமலை வெடித்துவிடாதா?

அநேகமாக முன்னறிகுறி இருக்கும். கோட்டோபாக்சி 2015 ஆகஸ்டில் விழித்துக்கொண்டபோது அதில் ஏறுவது ஈராண்டுகளுக்கும் மேலாகத் தடைப்பட்டது. நமது மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை நிறங்களாகப் பிரித்து வெளியிடுவதைப்போல, அந்நாடுகளின் எரிமலை ஆய்வகங்களும் நிலைமையைப் படிநிலைகளாக அறிவிக்கின்றன. பயணச்சீட்டு வாங்கும் முன்பும், புறப்படும் முன்பும் அதைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வெடிப்பைவிட அதன் பின்விளைவுதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது உச்சிப் பனி உருகிச் சேற்று வெள்ளமாகி, பல பத்துக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஆர்மேரோ நகரை மூடியது. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த நமக்கு, எச்சரிக்கை இருந்தும் அது உரியவர்களை அசைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. மலையேறுபவருக்கு இதிலுள்ள நடைமுறைப் பாடம், பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் அடிக்காதிருப்பது.

வெடிப்பில்லாத காலத்திலும் வாயுத் துவாரங்கள் உண்டு. காற்றைவிடக் கனமான கரியமில வாயு பனிக்குழிகளில் தேங்கி நிற்கும். கலிபோர்னியாவின் மாமத் மலையில் 2006 ஏப்ரலில் பனிச்சறுக்குத் தளத்தின் பாதுகாவலர் மூவர் அப்படி ஒரு குழியில் சிக்கி இறந்தார்கள். உச்சிக்கு அருகே வெதுவெதுப்பாக ஒரு குழி இருக்கிறதென்று அதில் ஒதுங்கி இளைப்பாறக்கூடாது.

கூம்பு வடிவமும் வானிலையும் ஏன் இவ்வளவு பேசப்படுகின்றன?

சமவெளிக்கு மேலே தனியாக நிற்கும் உயர்ந்த மலையில் காற்று மோதி மேலெழும்போது, சுற்றுவட்டாரம் தெளிவாக இருக்கும் நாளிலும் உச்சியை மட்டும் மேகம் மூடலாம். மேகம் தடித்துப் பனியும் பெய்தால் தரைக்கும் வானுக்கும் வேறுபாடு தெரியாத வெண்மைக்குள் அகப்பட்டுக்கொள்வீர்கள். ஹோர்ட்டன் சமவெளியின் மூடுபனியில் வழிதவறியவர்களுக்கு இதன் ஒரு சாயல் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே தரை தரையாகவே இருக்கிறது.

முகட்டு மலையொன்றில் வழிதவறினால் முகட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். கூம்பின் உச்சியிலிருந்தோ எல்லாத் திசையும் கீழ்நோக்கியே செல்கிறது. உச்சியருகே திசையில் ஏற்படும் சிறு பிழை, கீழே இறங்க இறங்க விரிந்து, தங்குமனையிலிருந்து பல கிலோமீற்றர் அப்பால், பிளவுகள் நிறைந்த வேறொரு பனியாற்றில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆகவே ஜி.பி.எஸ். கருவியில் ஏறும்போதே தடத்தைப் பதியவேண்டும், குளிரில் கைத்தொலைபேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அதை உடலோடு ஒட்டி வைக்கவேண்டும். 2021 செப்டம்பரில் எல்பிரஸில் 5,000 மீற்றருக்கு மேலே புயலில் சிக்கிய ஒரு குழுவில் ஐவர் இறந்தார்கள். உலகில் எளிதான பெரிய மலைகளில் ஒன்றென்று பலரும் சொல்வது அதே எல்பிரஸைத்தான்.

குளிரைக் கணக்கிட ஒரு வழி உண்டு. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் சராசரியாக ஆறரைப் பாகை குறையும். 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் 16 பாகை என்றால், கோட்டோபாக்சி உச்சியின் உயரத்தில் உறைநிலைக்குக் கீழே சுமார் 10 பாகை வரும். காற்று வீசினால் உடல் உணர்வது அதைவிட மோசமாக இருக்கும்.

ஏன் நள்ளிரவில் புறப்படவேண்டும்?

இரவில் பனி இறுகியிருப்பதால் பனிப்பாலங்கள் உறுதியாக இருக்கும், எரிமலையின் தளர்ந்த கற்களும் உறைந்து ஒட்டியிருக்கும். சூரியன் ஏறியதும் இரண்டும் தளர்கின்றன. அதனால் குழுக்கள் 'திரும்பும் நேரம்' என்று ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்தே திரும்பிவிடவேண்டும்.

வழிகாட்டியுடன் போனால் ஆபத்து நீங்கிவிடுமா?

குறையும், நீங்காது. 1981 யூன் 21 அன்று ரெய்னியரின் இங்கிரகாம் பனியாற்றில் மேலிருந்து சரிந்த பனிக்கட்டிப் பாளங்களில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டி, மற்றப் பத்துப் பேரும் வழிகாட்டிகள் அழைத்துச் சென்ற பயணிகள். தகுதி பெற்ற வழிகாட்டி உங்கள் தவறுகளால் வரும் ஆபத்தைத் தடுப்பார். மலை தானாகச் சரிப்பதை அவராலும் தடுக்க இயலாது. அந்த மீதமுள்ள ஆபத்தை ஏற்றுக்கொள்ள மனமில்லாதவர் போகாதிருப்பதில் இழுக்கு எதுவுமில்லை.

ஆயினும் முதல்முறை செல்பவர் வழிகாட்டியின்றிப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஈக்வடோரில் பனியாறுள்ள மலைகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. அங்கே வழக்கமாக ஒரு வழிகாட்டியிடம் இரண்டு பேருக்கு மேல் ஒப்படைப்பதில்லை. மலிவாக அழைத்துச் செல்கிறோம் என்று ஒருவருக்கு ஆறு பேரைக் கட்டுபவரை விட்டு விலகுங்கள். சான்றிதழ் எந்த அமைப்பினுடையது, திரும்பும் நேரம் எத்தனை மணி, ஒருவருக்கு மட்டும் உடல்நலம் கெட்டால் குழு என்ன செய்யும் என்ற மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத நிறுவனத்துக்கு முதலிரண்டு பதில்களும் பயன்படா.

இவ்வளவு ஆபத்துக்கு ஈடாக என்னதான் கிடைக்கிறது?

கண்ணுக்குக் கிடைப்பதை முதலில் சொல்லிவிடலாம். சிவனொளிபாதமலையின் முக்கோண நிழல் மேற்கே விழுவதைப் பார்த்தவர்கள், அதே நிழல் பல மடங்கு பெரிதாக மேகப்பரப்பின் மேல் நீள்வதை அங்கே காண்பார்கள். கயம்பேயின் தெற்குச் சரிவில் பூமத்திய ரேகை பனியின் மேலாகவே செல்கிறது. அந்தக் கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே வெயிலிலும் மழையிலும் வாழும் நமக்கு அது ஒரு விசித்திரம்தான். அதே நாட்டின் சிம்பொராசோ 6,263 மீற்றரே உயரமானாலும், பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தொலைவில் அதன் உச்சி இருக்கிறது. (சிம்பொராசோ தொடக்கநிலையாளருக்கு உரியதன்று. கற்கள் உருண்டு விழுவது அதிகம்.)

அதைவிட நீடிப்பது கற்றுக்கொள்ளும் தொழில். கயிற்றில் மற்றவரின் உயிரைப் பொறுப்பேற்று நடப்பதும், பனியையும் மேகத்தையும் படிப்பதும், திரும்புவதா தொடர்வதா என்று களைத்த நிலையிலும் தெளிவாக முடிவெடுப்பதும் எந்த மலைக்கும் பயன்படும். கண்டியின் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் பெக்கோ நடைபாதை திறந்தபின், நமது தோட்டத்து இளைஞர்கள் சிலருக்கு வழிகாட்டி வேலை ஒரு வருமானமாகியிருக்கிறது. மீட்புக் கயிறும் முதலுதவியும் முறையாகக் கற்ற ஒருவர் அந்த வேலையில் வேறு தரத்தில் நிற்பார். மேலும், கிளிமஞ்சாரோவின் பனி 1912க்குப் பின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. மற்ற மலைகளிலும் பனி பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. இன்று நடக்கும் பாதை சில, அடுத்த தலைமுறைக்கு வெறும் கல்லும் சாம்பலுமாகவே இருக்கும்.

கிளிமஞ்சாரோ ஏறினால் போதாதா?

5,895 மீற்றர் உயரத்தில் உங்கள் உடல் என்ன செய்கிறது என்பதை அறிய அது நல்ல இடம். வழக்கமான பாதைகள் பனியாற்றின் மீது செல்வதில்லை என்பதால் கயிறும் கிராம்பனும் பொதுவாகத் தேவைப்படா. ஆகவே பனியாற்றைப் பற்றி அது எதையும் கற்றுத்தராது.

எங்கே தொடங்குவது நல்லது?

உயரத்தையும் பனியையும் ஒரே பயணத்தில் முதன்முதலாகச் சந்திக்காதிருப்பது நல்லது. விசா கிடைக்குமானால், 3,286 மீற்றரே உயரமான பேக்கர் மலையில் சில நாட்கள் நடக்கும் பனியாற்றுப் பயிற்சி, நேரே எல்பிரஸ் செல்வதைவிடச் சிறந்தது என்பேன். வட அமெரிக்காவின் மேற்கிலுள்ள கஸ்கேட் மலைத்தொடரின் எரிமலைகளில் ரெய்னியருக்கு அடுத்தபடி அதிகப் பனி அதில்தான் இருக்கிறது, உயர நோயின் தொல்லையோ குறைவு. நமக்கு அருகில் என்றால், 1954இல் தொடங்கிய டார்ஜிலிங் இமயமலை மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு வாரம் நீள்வது. அது எரிமலை அல்ல என்றாலும், பனியில் விழுந்து நிற்கக் கற்றவருக்கு எரிமலைப் பனி வேறு பாடமாக இராது.

புறப்படும்வரை மலையகத்திலேயே எதைப் பழகலாம்?

முதுகில் 12 முதல் 15 கிலோ சுமையுடன் நீண்ட ஏற்றமும், அதைவிட முக்கியமாக நீண்ட இறக்கமும். களைப்பில் கால் இடறுவது இறங்கும்போதுதான். ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து கிரிகல்பொத்தை (2,388 மீற்றர்) வரை செல்லும் பாதை நனைந்து சேறாகிக் கிடக்கும் நாட்களில் ஈர உடையில் வெப்பத்தைக் காக்கப் பழகலாம். தலைவிளக்கின் ஒளியில் கையுறை அணிந்தபடி முடிச்சுப் போடுவதை வீட்டு வாசலிலேயே பயிலலாம். உடைக்கு நுவரெலியா நகரில் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி ஜக்கெட்டுகள் உள்ளடுக்காக நன்றாகவே பயன்படும். விறைத்த அடியுள்ள மலையேற்றப் பாதணியையும் கிராம்பனையும் மட்டும் மலை உள்ள நாட்டுக்குப் போய் வாடகைக்கு எடுங்கள். கறுப்புக் கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால், ஒரு பகல் வெறுங்கண்ணோடு நடந்தால் மறுநாள் கண் திறக்க முடியாத எரிச்சல் வரும்.

பெண்கள் செல்வதைப் பற்றி வீட்டில் தயங்குகிறார்கள்.

எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் ஒரு பெண். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால அதைச் செய்தார். நாள் முழுதும் சரிவில் கொழுந்து பறித்துச் சுமந்து இறங்கும் தாய்மாரின் வீட்டிலிருந்து இந்தத் தயக்கம் வருவது எனக்குப் புரியாத ஒன்று.

உச்சியை அடையாமல் திரும்பினால் செலவழித்த பணம் வீண்தானே?

ரெய்னியரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் முயல்கிறார்கள், உச்சியை அடைபவர்கள் அவர்களில் பாதியளவுதான். எனவே திரும்புவதை விபத்தாகக் கருதாமல், திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்தே பணத்தைச் சேர்க்கவேண்டும். கடன் வாங்கிச் செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கடன் தோளில் இருக்கும்போது 'திரும்பும் நேரம்' காதில் விழுவதில்லை. வானிலைக்காகக் காத்திருக்க இரண்டு மூன்று உபரி நாட்களைப் பயணத்திலேயே சேர்த்துக்கொண்டால் அவசர முடிவுகள் குறையும்.

காப்புறுதி, ஆவணங்கள் தொடர்பாக வீட்டில் எதை விட்டுச் செல்லவேண்டும்?

சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, கயிறு கட்டி ஏறுவதையும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்டதையும் விலக்கிவிடுகின்றன. உங்கள் மலையின் உயரமும் ஹெலிகொப்டர் மீட்பும் எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கடவுச்சீட்டின் பிரதி, காப்புறுதி இலக்கம், வழிகாட்டி நிறுவனத்தின் தொலைபேசி, செல்லும் பாதையின் பெயர், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்கு அறிவிப்பது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நேர வித்தியாசத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள், ஈக்வடோரில் விடியற்காலை ஐந்து மணி என்றால் ஹட்டனில் பிற்பகல் மூன்றரை.